ஏகமனதாக நிறைவேறியது

"சம்மதம்தானே?" என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார். பதில் சொல்ல இடைவெளி இருக்காது. நீங்கள் வாயைத் திறப்பதற்குள் சம்மதித்து முடித்திருப்பீர்கள். படிக்கட்டை எந்தக் கிழமை யார் கழுவுவது, நிலவறையில் உடுப்புக் காயப்போடும் கொடி எந்த நாளில் யாருக்கு, வாசலில் சைக்கிள் விடலாமா கூடாதா என்று எத்தனையோ விஷயங்கள். எங்கள் படிவாசலில், அதாவது ஒரே வாசலும் ஒரே படிக்கட்டும் பாவிக்கிற பகுதியில், பத்துக் குடும்பங்கள். பத்துக் குடும்பமும் எல்லாவற்றுக்கும் எப்போதும் சம்மதம். இப்படி ஒற்றுமையான சனத்தை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

வீட்டுக்குள் நாங்கள் அவரைக் கட்சியம்மா என்போம். சொந்தப் பெயரை எழுதப் போவதில்லை. அந்த ஊரில் இன்னமும் சிலருக்கு அந்தப் பெயரைக் கேட்டால் முகம் சிவந்துவிடும். கிழக்கு ஜெர்மனி என்று ஒரு நாடு இருந்த காலத்தில் அந்தச் சிறு நகரத்தில் ஆளும் பொதுவுடைமைக் கட்சியின் செயலாளராக இருந்தவர். மேயர் என்று ஒருவர் இருந்தாராம், ஆனால் மேயர் என்ன சொல்ல வேண்டும் என்று சொன்னவர் இவர். நாங்கள் குடிபோனது இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில். நாடும் கட்சியும் போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவருக்கு எழுபது தாண்டியிருந்தது. குட்டையான உருவம், ஆண்பிள்ளை போல் வெட்டிய நரைமுடி, எந்தக் காலநிலையிலும் ஒரே சாம்பல் நிறக் கோட்டு. முதலாம் மாடியில் தனியாக இருந்தார். ஐந்தாம் மாடிக்கு ஏறி வந்து எங்கள் கதவைத் தட்டும்போதும் மூச்சு வாங்காது.

அவரோடு பேசியதெல்லாம் ஜெர்மனில்தான். ஆனால் இத்தனை காலத்துக்குப் பிறகு நினைக்கும்போது அவர் எனக்குள் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார். அந்த அதட்டல் எனக்கு வேறு மொழியில் வரமாட்டேன் என்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

நம்மவர்கள் பலர் கையில் விசா கிடைத்த மறுநாளே மேற்குப் பக்கம் ரயில் ஏறிவிட்டார்கள். கோயில், மரக்கறிக் கடை, தமிழ்ப் பள்ளிக்கூடம் எல்லாம் அங்கேதான். எனக்கு அந்த ஊரில் பாண் சுடுகிற ஒரு தொழிற்சாலையில் நிரந்தர வேலை கிடைத்தது. மனைவி முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்குப் படித்துச் சேர்ந்துவிட்டாள். அதனால் தங்கிவிட்டோம். நூற்பாலை மூடி, இளம்பிள்ளைகள் எல்லாம் வேலை தேடி மேற்குக்குப் போய், பாதி யன்னல்கள் இருண்டு கிடந்த ஊர் அது. நாங்கள் குடிவந்தபோது யாரோ ஒருவராவது வருகிறார்களே என்று வீடு தந்த கொம்பனிக்கே சந்தோஷம்.

எங்களைப் பற்றி அவர் போட்ட முதல் தீர்மானம் மிளகாய் பற்றியது.

மனைவி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கறித்தூளுக்கு மிளகாய் வறுப்பாள். கடையில் விற்கும் தூள் அவளுக்குத் தூளே இல்லை. முதல் தடவை வறுத்த அன்று எதிர்வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற பஸ் சாரதி, இருமியபடி படியிறங்கி ஓடினார். ஓடியவர் பொலிசுக்குப் போகவில்லை, கொம்பனிக்கும் போகவில்லை. நேரே முதலாம் மாடிக்குப் போனார். அரைமணி நேரத்தில் கட்சியம்மா எங்கள் குசினிக்குள் நின்றார். தாச்சிக்கு மேலே முகத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, கண்ணீர் ஒழுகக் கேட்டார்.

"இது எத்தினை நாளைக்கு ஒருக்கால்?"

"மூண்டு மாசத்துக்கு ஒருக்கால்," என்றாள் மனைவி, நடுங்கிப்போய்.

"இது இல்லாமல் சமைக்க ஏலாதோ?"

"ஏலாது."

"சரி. பார்ப்பம்."

அடுத்த கிழமை முழுவதும் பின்னேரங்களில் அவர் ஒவ்வொரு வீட்டுக் குசினியிலும் இருந்து கோப்பி குடித்தார். அதன் பிறகு நிலவறையில், காயப்போட்டிருந்த படுக்கை விரிப்புகளுக்கு நடுவே, குடியிருப்பாளர் கூட்டம் கூடியது. அப்படி ஒரு கூட்டத்துக்கு எந்தச் சட்டமும் இல்லை. அவருக்கும் எந்தப் பதவியும் இல்லை. ஆனாலும் எல்லாரும் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்து வாசித்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை முற்பகலில், முன்கூட்டியே அறிவித்துவிட்டு, ஐந்தாம் மாடியில் மிளகாய் வறுக்கப்படும். அந்நேரம் மற்றவர்கள் தங்கள் கதவு யன்னல்களைச் சாத்திக்கொள்ள வேண்டும்.

"சம்மதிக்கிற ஆக்கள்?"

எல்லாக் கைகளும் உயர்ந்தன. பஸ் சாரதியின் கையும்தான்.

"எதிர்ப்பு இல்லை, நடுநிலை இல்லை, ஏகமனதாக நிறைவேறியது," என்றார் ஒரே மூச்சில், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நானும் சந்தோஷமாகக் கையைத் தூக்கியிருந்தேன். அகதி முகாமில் முட்டை பொரித்ததற்கே ஏச்சு வாங்கிய எங்களுக்கு ஒரு கட்டிடமே சேர்ந்து மிளகாய் வறுக்க உத்தரவு கொடுத்தால் வேறென்ன செய்வது? மேலே ஏறும்போது மனைவிதான் கேட்டாள்.

"முறைப்பாடு செய்தது அந்தாள்தானே? பிறகேன் தன்ர முறைப்பாட்டுக்கு எதிராத் தானே கையைத் தூக்கினவர்?"

"வெக்கத்தில தூக்கியிருப்பார்."

"எனக்கெண்டால் அவற்ற முகத்தைப் பார்க்க அப்பிடித் தெரியேல்லை."

அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த மனிதர் தன் கதவுக்குப் பின்னால் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டு இருமினார்.

கட்சியம்மா தன் கதையை உட்கார்ந்து சொன்னவர் அல்லர். படியில் சந்திக்கும்போது, குப்பைத் தொட்டியடியில் நிற்கும்போது, ஒரு துண்டு விழும். உலகப்போர் முடிந்தபோது அவர் சிறு பெண், தகப்பன் திரும்பி வரவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டதும் நூற்பாலை. அங்கிருந்து கட்சி அவரை மாலை வகுப்புக்கு அனுப்பியது, பிறகு பெரிய நகரத்தில் கட்சிப் பள்ளிக்கு. "என்னை மனுசியாக்கினது கட்சி. அதைச் சொல்ல எனக்கு என்ன வெக்கம்?" என்பார். யாரும் வெட்கப்படச் சொல்லாதபோதும் சொல்வார்.

எங்கள் கட்டிடத்தைப் பற்றி யாராவது இளக்காரமாகப் பேசினால் போதும். கொங்கிரீட் பலகைகளை அடுக்கி எழுப்பிய ஐந்து மாடி, தீப்பெட்டி போல ஒன்றன்பின் ஒன்றாக நிற்கிற கட்டிடங்கள். மேற்கிலிருந்து வருகிறவர்கள் பார்த்தவுடன் சிரிப்பார்கள்.

"சிரிக்கட்டும். ஆலைப் பெட்டையள் எங்க இருந்தவை எண்டு இவைக்குத் தெரியுமோ? நாலு குடும்பத்துக்கு ஒரு கக்கூசு, அதுவும் படிக்கட்டு நடுவில. பனிக்காலத்தில கரி வாளியோட மூண்டு மாடி ஏறவேணும். நான் மாவட்டக் கட்சிக்காரரோட வருசக்கணக்காச் சண்டை பிடிச்சு இந்தக் கட்டிடங்களை வாங்கினனான். கொங்கிரீட்டாம். அந்தக் கொங்கிரீட்டுக்குள்ள குழாயைத் திறந்தால் சுடுதண்ணி வந்தது. பெண்டுகள் குழாயடியில நிண்டு அழுதவை."

அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் வரும் வெளிச்சத்தை எனக்குப் பிடிக்கும். இன்னொருவருக்கு வீடு கட்டிக் கொடுத்ததை நினைத்து அப்படி ஒளிர்கிற அரசியல்வாதியை எங்கள் ஊரில் நான் கண்டதில்லை.

நாடு சரிந்த காலத்தைப் பற்றி அவருக்கு ஒரு வசனம் இருந்தது. "ஒரு கிழமைக்குள்ள இந்த ஊரில ஒருத்தரும் கட்சியில இருந்ததில்லை எண்டு ஆச்சு. நான் தனியத்தான் நடத்தினனான் போல." பாண் கடைக்காரி அவரைக் கண்டதும் முதுகைக் காட்டி நிற்பாளாம். இவர் விலகவில்லை. தினமும் அதே கடை, அதே காலை நேரம், வரிசையில் நின்று, முதுகு திரும்பும் வரைக்கும் காத்திருந்து பாண் வாங்கினார். ஒரு நாள் யாரோ அவருடைய கதவில் சிவப்புப் பெயிண்டை ஊற்றிவிட்டுப் போனார்கள். கொம்பனிக்காரர் துடைக்க ஆள் அனுப்பினால், "விடுங்கோ. நிறம் பிழையில்லையே," என்று திருப்பி அனுப்பிவிட்டார். நாங்கள் போன காலத்திலும் அந்தக் கதவின் கீழ்ப்பகுதி சிவப்பாகத்தான் இருந்தது.

நான் அவர் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தேன் என்பது உண்மை. அந்த நேரத்தில்தான் மனைவி வேலைத்தலத்திலிருந்து வேறொரு கதையோடு வந்தாள்.

அவளோடு வேலை செய்த ஒரு பெண், ஐம்பதை நெருங்கியவள், பாதிரியார் ஒருவரின் மகள். டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டு, படிப்பிலும் முதலாவதாக இருந்தவள். உயர்வகுப்புக்குப் போக வேண்டிய நேரத்தில் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் வைத்தார்களாம். தேவாலயத்தை விடாத பிள்ளை உயர்கல்விக்குத் தகுதியில்லை என்று தீர்மானம். நடத்தியது கட்சியம்மா. வகுப்பில் இருந்த எல்லாரும் கை உயர்த்தினார்கள். பக்கத்தில் இருந்த உயிர்ச் சினேகிதி இவளைப் பார்த்துக்கொண்டே உயர்த்தினாள். அதன் பிறகு அவள் வாழ்நாள் முழுவதும் மற்றவர்களின் படுக்கையை மாற்றிக்கொண்டிருக்கிறாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அன்று பின்னேரமே முதலாம் மாடிக்குப் போய்க் கேட்டேன். மறுப்பார், அல்லது மழுப்புவார் என்று நினைத்தேன்.

"ஓம். நான்தான் நடத்தினனான்," என்றார்.

"அது பிழை எண்டு இப்பவாவது நினைக்கிறியளோ?"

"வகுப்பு முழுக்கக் கையைத் தூக்கினது. ஒரு பிள்ளை எண்டாலும் எதிர்த்திருந்தால் நான் யோசிச்சிருப்பன்."

"எதிர்த்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்திருக்கும்?"

அவர் பிளம்ஸ் கேக் வெட்டி என் முன்னால் வைத்தார். நான் சாப்பிடாமல் எழுந்து வந்தேன்.

கொஞ்ச நாளில் மறுபடியும் பேச்சு வந்துவிட்டது. ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறவர்கள் எவ்வளவு நாளைக்கு முகத்தைத் திருப்புவது? டிராம் நிறுத்தத்தில் வெளிநாட்டவரைப் பிடிக்காத இரண்டு மொட்டைத்தலைப் பொடியன்கள் என் மனைவியை வழிமறித்தபோது அவர் நடுவில் போய் நின்று ஒருவனிடம், "உன்ர தாத்தாவுக்கு வீடு கொடுத்தது நான். அந்த வீட்டில பிறந்ததுதான் நீ. தள்ளு," என்றார். அவன் தள்ளி நின்றான். அப்படிப்பட்ட மனுஷியோடு எத்தனை நாள் கோபமாக இருக்க முடியும்? பாதிரியாரின் மகளும் எதிரே வரும்போது அவருக்கு வணக்கம் சொல்லத்தான் செய்தாள். ஏன் என்று கேட்டதற்கு மனைவியிடம், "கை தன்பாட்டில் போகுது," என்றாளாம்.

அதற்கு அடுத்த வருடம் எங்கள் கட்டிடத்தை இடிக்கப் போவதாகச் செய்தி வந்தது.

ஊரில் ஆளில்லை. வெற்று வீடுகளைச் சூடாக்கக் கொம்பனிக்குக் கட்டுப்படியாகவில்லை. கிழக்கு முழுவதும் அப்போது இதே கதைதான், வரிசை வரிசையாக இடித்துக்கொண்டிருந்தார்கள். இருக்கிறவர்களை ஊரின் மறுபக்கம் திருத்திய கட்டிடத்துக்கு மாற்றுவார்கள். அங்கே லிஃப்ட் உண்டு. ஆனால் குடியிருக்கிறவர் சம்மதிக்காமல் லேசில் வெளியேற்ற முடியாது. பத்துக் குடும்பமும் ஒன்றாக நின்று மாட்டோம் என்றால் இந்தப் படிவாசலையாவது விட்டுவைக்க வேண்டியிருக்கும் என்று கட்சியம்மா கணக்குப் போட்டார்.

அவருக்கு அது வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. ஒரு பின்னேரம் எங்கள் குசினியில் இருந்து வெளிப்படையாகவே சொன்னார்.

"நாடு போயிட்டுது. கட்சி போயிட்டுது. நான் செய்ததெல்லாம் குற்றம் எண்டு எழுதிப்போட்டினம். சுடுதண்ணி வாற குழாய் மட்டும்தான் மிச்சம். அதையும் உடைச்சால் நான் பிறந்ததுக்கு என்ன சாட்சி?"

ஆனால் என் மனைவிக்கு அந்த வருடம் இடுப்பு போய்விட்டது. நோயாளிகளைத் தூக்கித் தூக்கிப் போனது. ஐந்தாம் மாடிக்கு அவள் ஒவ்வொரு படியிலும் கம்பியைப் பிடித்து நின்று நின்று ஏறினாள். வயிற்றில் பிள்ளையும் இருந்தது.

"அம்மா, நாங்கள் போறம். இவவுக்கு இந்தப் படி ஏலாது," என்றேன்.

"கூட்டத்தில பார்ப்பம்," என்று சொல்லிவிட்டு இன்னொரு வடை எடுத்தார்.

அந்தக் கூட்டத்தை என்னால் மறக்க முடியாது. நிலவறை நிரம்பியிருந்தது. அவர் எழுந்து நின்றே வாசித்தார். இந்தப் படிவாசலின் குடியிருப்பாளர் அனைவரும் இடிப்பை நிராகரிக்கிறார்கள், ஒருவரும் வெளியேற மாட்டார்கள். சம்மதிக்கிற ஆக்கள்? கைகள் எழுந்தன. மனைவி மேலே படுத்திருந்தாள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"எதிர்ப்பு இல்லை, நடுநிலை..."

நான் கையைத் தூக்கினேன். அவர் பார்க்கவில்லை. பார்க்கும் பழக்கமே அவருக்கு இல்லை.

"இருக்கு!" என்று சத்தம் போட்டேன். "எதிர்ப்பு இருக்கு!"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ கொடியில் இருந்த விரிப்பை இழுத்து நேராக்கினார்கள். கட்சியம்மா கண்ணாடிக்கு மேலால் என்னை நோக்கினார். கோபத்தைவிட அதில் திகைப்புத்தான் கூட.

"எங்கட வெளிநாட்டு அயலவருக்குக் கேள்வி விளங்கேல்லை," என்றார் மற்றவர்களைப் பார்த்து.

"விளங்கினது. நல்லா விளங்கினது. நான் எதிர்ப்பு. அதை எழுதுங்கோ."

"மொழிப் பிரச்சினை," என்றார். "ஏகமனதாக நிறைவேறியது."

எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. எங்கள் ஊரிலும் பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டி வைத்துக் கையை உயர்த்தச் சொல்லியிருக்கிறார்கள். பின்னால் துவக்கோடு நின்றார்கள், உயர்த்தினோம். அது வேறு. இங்கே இந்தப் பனியூரில், பத்துக் குடும்பம் இருக்கிற ஒரு நிலவறையில், துவக்கும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. இங்கேயும் நான் சொல்கிற இல்லையை ஒருவர் ஆம் என்று எழுதுவாரா? கதிரையை அங்கேயே விட்டுவிட்டு மேலே ஏறிப் போனேன். மாதக்கணக்காக நாங்கள் பேசவில்லை. படியில் கண்டால் அவர் சுவருக்கு வணக்கம் சொல்வார், நான் கைப்பிடிக் கம்பிக்குச் சொல்வேன்.

கொம்பனி கூட்டம் வைக்கவில்லை. இளம் ஆள் ஒருவரை அனுப்பியது. அவர் ஒவ்வொரு வீடாகத் தனித்தனியே போய் இருந்து, புது வீட்டின் படத்தைக் காட்டிப் பேசினார். பனி கரைவதற்குள் வேலை முடிந்தது. பத்துக் குடும்பத்தில் ஒன்பது கையெழுத்து வைத்துவிட்டது. வைக்காதது முதலாம் மாடி மட்டும்.

அந்தச் செய்தி கட்சியம்மாவுக்குத் தெரிந்த அன்று நான் எங்கள் வீட்டு வாசலில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன், கதவு திறந்திருந்தது. அவர் மேலே ஏறி வந்தார். முதல் தடவையாக மூச்சு வாங்கியதைப் பார்த்தேன். என் பக்கம் திரும்பாமல் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். பஸ் சாரதி திறந்தார். இருவரும் ஒரே காலத்துக் கட்சிக்காரர்கள், பேச்சில் மரியாதை வைக்காதவர்கள்.

"நீர் கையைத் தூக்கினனீர்," என்றார் இவர்.

"தூக்கினனான்."

"பிறகேன் கையெழுத்து வைச்சனீர்?"

"என்ர மனுசிக்கு முழங்கால் ஏலாது. அங்க லிஃப்ட் இருக்கு."

"அதைக் கூட்டத்தில சொல்லியிருக்கலாமே."

"நீர் வாசிச்சால் நாங்கள் தூக்குவம். எப்பவும் அப்பிடித்தானே."

"எப்பவுமோ?"

"எப்பவும்," என்றார் அவர். அவர் குத்திப் பேசவில்லை. உடம்புக்கு முடியாத ஒருவரிடம் பேசுகிற மாதிரித்தான் பேசினார். "ஆலையில வைச்ச முதல் கூட்டத்தில இருந்தே அப்பிடித்தான். நீர் என்ன, அதை உண்மை எண்டோ நினைச்சனீர்?"

கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. கட்சியம்மா படியில் உட்கார்ந்துவிட்டார். சாம்பல் கோட்டு முழங்காலுக்கு மேல் சுருண்டு கிடந்தது. நான் உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டு வந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

"நீங்கள் மட்டும் ஏன் இல்லை எண்டு சொன்னனீங்கள்?"

"நீங்கள் கேட்டீங்கள். அதுதான்."

அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நான் கேக்கேல்லை," என்றார். "நான் ஒருக்காலும் கேக்கேல்லை."

எனக்கு அவர்மேல் இரக்கம் பொங்கியது. பாதிரியாரின் மகளை நினைத்ததும் அது பாதியில் நின்றது. இரண்டும் எனக்குள் ஒன்றாகவே கிடந்தன. நான் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். திடீரென்று அவர் கம்பியைப் பிடித்து எழுந்தார்.

"அவை பொய்யாத் தூக்கியிருக்கலாம். நான் தூக்கின கை உண்மை. அதைப் பொய் எண்டு சொல்ல ஒருத்தராலயும் ஏலாது. நான் போகமாட்டன்."

போகவில்லை. கோடையில் நாங்கள் எல்லாரும் போனோம். பஸ் சாரதியின் மனைவியைக் கதிரையில் வைத்து இறக்கியபோது கதிரையின் ஒரு காலைப் பிடித்தது கட்சியம்மாதான். பக்கத்துப் படிவாசல்களை இடித்தார்கள். தூசி அவருடைய யன்னல் கண்ணாடியில் அப்பிக்கொண்டது. அந்தப் பெரிய வெளியில் ஐந்து மாடித் துண்டொன்று நின்றது, அதில் முதலாம் மாடியில் ஒரு விளக்கு. நான் வேலை முடிந்து டிராமில் போகும்போது பார்ப்பேன். ஒருவருக்காகக் கொம்பனி அந்தத் துண்டு முழுவதையும் சூடாக்கிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுத் தொழிற்சாலையில் மற்றவர்கள் கிழவிக்குப் பைத்தியம் என்றார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. என் அம்மா சண்டை பிடித்து வென்றது போல ஒரு பெருமை. கொம்பனி ஆட்கள் வந்து சந்திக்க டெர்மின் கேட்டு எழுதினால், "எனக்கு நேரமில்லை," என்று பதில் எழுதுவாராம். வெளியே என்ன வேலை இருந்தது அவருக்கு?

கடைசியில் நீதிமன்றத்துக்குப் போனார்கள். இவர் தோற்றார். வீட்டைப் பூட்டித் திறப்பை ஒப்படைக்கிற நாளைக் குறித்ததும் எனக்கு டெலிபோன் எடுத்தார்.

"சாட்சிக்கு ஒரு ஆள் வேணும். உங்களை விட்டால் இந்த ஊரில எனக்கு நம்பிக்கையான ஆள் இல்லை. வாறியளோ?"

"வாறன்," என்றேன்.

காலையில் போனபோது வீட்டைத் துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்தார். சாமான்களெல்லாம் முதல்நாளே முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டன. என் மனைவி வேலை செய்த இல்லம்தான் அது. அங்கே தன் படுக்கையைப் பாதிரியாரின் மகள்தான் மாற்றுவாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கொம்பனியின் தலைவர் பூங்கொத்தோடு வந்தார். கூடவே உள்ளூர்ப் பத்திரிகையின் படப்பிடிப்பாளர். கட்டிடத்தின் கடைசிக் குடியிருப்பாளர் புன்னகையோடு திறப்பைக் கொடுக்கிற படம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அடுத்த வரிசைக் கட்டிடங்களில் இருக்கிறவர்களை வெளியேற்றவும் அது உதவும்.

கட்சியம்மா பூவை வாங்கிக் கழுவு தொட்டியில் வைத்தார். ஒப்படைப்புக் குறிப்பை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே வாசித்தார். முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

"குடியிருப்பாளர் அனைவரினதும் சம்மதத்தோடு எண்டு எழுதியிருக்கிறியள்."

"அது வழமையா எழுதிறது அம்மா. எல்லாப் படிவாசலுக்கும் ஒரே வசனம்தான்," என்றார் தலைவர்.

"நான் சம்மதிக்கேல்லை."

"ஆனால் போறியள்தானே?"

"போறன். கோர்ட் சொன்னது, போறன். அது வேறை."

"ஒரு சின்ன வசனம் அம்மா. இதுக்குப் போய்..."

"இந்த வசனம் எவ்வளவு சின்னன் எண்டு எனக்குச் சொல்லித் தராதேங்கோ. என்ர சீவியம் முழுக்க நான் இதைத்தான் எழுதினனான்." குரல் நிலவறைக் கூட்டத்தில் கேட்ட அதே குரல். "வெட்டுங்கோ. வெட்டிப்போட்டு, எதிர்ப்பு ஒண்டு எண்டு எழுதுங்கோ."

படப்பிடிப்பாளர் கமராவைக் கீழே இறக்கினார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சமாதானமாகச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். வெளிநாட்டுக்காரன், அமைதியான ஆள், பாண் தொழிற்சாலையில் வேலை.

"எழுதுங்கோ," என்றேன் நான். "அவ கேட்டதை எழுதுங்கோ."

தலைவர் பேனையை எடுத்து, தாளைச் சுவரில் வைத்து, வசனத்தை வெட்டிவிட்டுப் பக்கத்தில் 'எதிர்ப்பு: 1' என்று எழுதினார். கட்சியம்மா வாங்கிப் பார்த்தார். திறப்பைக் கொடுக்கவில்லை. தாளைத் திருப்பி நீட்டினார்.

"இலக்கத்தில மட்டும் விடாதேங்கோ. ஒண்டு எண்டு எழுத்திலயும் எழுதுங்கோ. இலக்கத்தை அழிக்கிறது லேசு. நான் அழிச்சிருக்கிறன்."